தெய்வம் நின்று கொல்லுமா?

'அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்.' நாஞ்சில் நாட்டில் எந்தச் சேரிக்குப் போனாலும் இந்தப் பழமொழி நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அடிபட்டவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் யாராவது ஒருத்தர் இதைச் சொல்வார். சமாதானம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு ஏட்டய்யாவே சொல்வார். சர்ச்சில் சொன்னால் அதற்கு வேதவசனம் உண்டு. கோயில் கொடையில் சொன்னால் அதற்கு வில்லுப்பாட்டு உண்டு. சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். ஆனால் ஒரு பண்ணையார் வீட்டில் இந்தப் பழமொழியை ஆறுதலாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? அவர்கள் தோப்பில் நாலு தேங்காய் களவு போனால், தெய்வம் நின்று கொல்லட்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. அன்றே கொல்லும் அரசனைத்தான் கூப்பிடுகிறார்கள். நின்று கொல்லும் தெய்வத்தை நமக்கென்று விட்டுவிட்டார்கள். கேட்காமலே நமக்குக் கிடைத்த இட ஒதுக்கீடு இது ஒன்றுதான்.

என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தோவாளைத் தாலுகாவில் ஒரு கும்பப்பூ அறுப்பு. நான் அப்போது ஏழாம் வகுப்பு. களத்தில் கூலி நெல் அளக்கிறார்கள். அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஏமானே, போன பூவுக்கு அளந்த மரக்காலு இது இல்லியே, சின்னதாட்டுல்லா இருக்கு?" பதில் வாயால் வரவில்லை. களத்தில் கிடந்த கம்பால் வந்தது. மண்டை உடைந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தபோது, அம்மை வழிப் பாட்டியும் அப்பா வழிப் பாட்டியும் முற்றத்தில் இருந்தார்கள். அம்மை வழிப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். மற்றவள் இசக்கிக்கும் சுடலைமாடனுக்கும் பொங்கல் வைக்கிறவள். சோறு வடிப்பதிலிருந்து பிள்ளைக்குப் பெயர் வைப்பது வரை இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. அன்றைக்கு மட்டும் ஒத்துப்போனது. "போவட்டும் மக்களே, நமக்கு ஆரு இருக்கா? கர்த்தரு பாத்துக்கிடுவாரு" என்றாள் ஒருத்தி. "இசக்கி கேப்பா, வம்சத்தையே கேப்பா" என்றாள் இன்னொருத்தி. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று அப்பா சொன்னதை இரண்டு தெய்வங்களும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள்.

அந்த மனிதர் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். நடுவில் ஒருமுறை அவருக்கு முட்டு வலி வந்தது. "கண்டியா, கால வாங்கிட்டா" என்றாள் இசக்கிப் பாட்டி. அவர் பேரன் பரீட்சையில் தோற்றான். "கர்த்தரு தொடங்கிட்டாரு" என்றாள் மற்றவள். அதே வருஷம் எங்கள் வீட்டில் என் தங்கச்சிக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைப்பாளா என்று கிடந்தாள். அதை ஒருத்தியும் தண்டனை என்று சொல்லவில்லை. அது 'சோதனை'யாம்! அவன் வீட்டில் காய்ச்சல் வந்தால் தண்டனை, நம் வீட்டில் வந்தால் சோதனை. இந்தக் கணக்குப் புத்தகத்தில் தெய்வம் ஒருநாளும் தோற்காது. கடைசியில் அந்த மனிதர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நோவு இல்லை, நொடி இல்லை. ஊரே 'நல்ல சாவு' என்றது. அவருக்கு விறகு பிளந்து காடு ஒருக்கப் போனவர் யார் தெரியுமா? மண்டையில் தழும்போடு இருந்த என் அப்பா.

இதை நான் ஒருத்தர் மேல் உள்ள வன்மத்தில் எழுதவில்லை. அந்த மனிதரும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆனால் அந்த ஆறுதல் இன்னும் இருக்கிறது. நம்முடைய இளைஞர்கள் வழக்குப் போடலாமா வேண்டாமா என்று நிற்கும் ஒவ்வொரு தடவையும் அது குறுக்கே வந்து நிற்கிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

*

தெய்வத்தின் நீதி என்பது வானத்தில் எங்கோ இருக்கிற விஷயம் என்று நினைக்கிறோம். நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு நீதிமன்றமே நடந்தது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் 'கைமுக்கு' என்று ஒரு வழக்கம். ஒழுக்கக்கேடு என்று குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை விடவேண்டும். கையைத் துணியால் கட்டி வைத்துப் பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, வேகாமல் இருந்தால் நிரபராதி. 19ஆம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் காலத்தில்தான் இது நிறுத்தப்பட்டது. சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம், தெய்வமே நேரில் தீர்ப்புச் சொல்லும். நமக்கு அந்த நீதிமன்றத்தில் வாதியாகப் போக உரிமை கிடையாது. குற்றவாளியாகப் போகக்கூட உரிமை கிடையாது! கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாகிரகம் தொடங்க வேண்டியிருந்தது. உள்ளே போக 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரவேண்டியிருந்தது.

அந்த ஊரின் தலபுராணத்தையும் கொஞ்சம் பாருங்கள். அகலிகையிடம் வஞ்சகமாகப் போனவன் இந்திரன். அவன் சுத்தமான இடம் என்பதால் அது சுசீந்திரம். குற்றவாளிக்குப் பாவம் கழிந்தது, அவன் பெயரில் ஊர் கிடைத்தது, ராத்திரிதோறும் வந்து பூசை செய்யும் உரிமையும் கிடைத்தது. ஏமாற்றப்பட்ட அகலிகைக்கு என்ன கிடைத்தது? கல்லானாள். யாரோ ஒரு ராஜகுமாரனின் கால் படும் வரைக்கும் கல்லாகவே கிடந்தாள். குற்றம் செய்தவனுக்குப் பரிகாரம், குற்றத்துக்கு ஆளானவளுக்குச் சாபம். தெய்வ நீதி என்று நமக்குச் சொல்லித்தரப்படுவதன் நடைமுறைச் சட்டம் இதுதான்.

இன்னொன்று. பழமொழியில் அரசன் வேறு, தெய்வம் வேறு. அரசன் கைவிட்டால் தெய்வம் என்று ஒரு மேல்முறையீடு இருக்கிற மாதிரி அது பேசுகிறது. நாஞ்சில் நாடு இருந்த திருவிதாங்கூரில் அந்த மேல்முறையீடும் அடைபட்டுப்போனது. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசாமியின் காலடியில் எழுதி வைத்தார். அன்றுமுதல் தெய்வம்தான் அரசன், ராஜா அவருக்கு 'பத்மநாபதாசன்'. அப்படியென்றால் அந்த நாட்டில் நம் பாட்டன் பாட்டிகள் மாட்டோடு மாடாக விற்கப்பட்டது யாருடைய ஆட்சியில்? தெய்வத்தின் நேரடி ஆட்சியில். ஊழியம் என்று கூலியில்லாத வேலை வாங்கப்பட்டது யாருக்காக? தெய்வத்தின் கஜானாவுக்காக. அரசாங்கமே அடிமைகளை வைத்திருந்தது. கொலை செய்தாலும் பிராமணனுக்கு மரணதண்டனை கிடையாது என்று வைத்திருந்ததும் அந்த அரசுதான். அந்தத் தெய்வம் அன்றும் கொல்லவில்லை, நின்றும் கொல்லவில்லை. 1855-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோதும் அது தெய்வத்தின் மனமாற்றத்தால் நடந்ததல்ல. 1847-இலேயே மிஷனரிகள் மனுக் கொடுத்தார்கள், பிரிட்டிஷ்காரன் நெருக்கினான், அப்புறம்தான் நடந்தது. 2011-இல் திருவனந்தபுரத்தில் அந்தக் கோயிலின் நிலவறையைத் திறந்து பார்த்தபோது லட்சம் கோடி ரூபாய் பெறும் என்று மதிப்புச் சொன்னார்கள். நாடே வாய்பிளந்தது. அந்த நாட்டில் கூலி வாங்காமல் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் கேட்கவேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. தெய்வம் இத்தனை காலம் நின்றது நிஜம்தான். எதைக் காத்துக்கொண்டு நின்றது?

*

"அது மேல்சாதித் தெய்வம். நம்ம தெய்வம் அப்படி இல்லை" என்று சிலர் சொல்வார்கள். நாட்டார் தெய்வங்களைத் தலித் எதிர்ப்பின் அடையாளமாகக் கொண்டாடி நம் பக்கங்களிலேயே எழுதுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. தென்மாவட்டங்களில் எத்தனையோ மாடன்களும் அம்மன்களும் அநியாயமாய்க் கொல்லப்பட்டவர்கள். ஆணவத்தால் வெட்டுப்பட்டவன், வயிற்றுப் பிள்ளையோடு வஞ்சிக்கப்பட்டவள், சாதி மீறிக் காதலித்தவன். சக்கிலியப் பெண்களை மணந்த முத்துப்பட்டன் கதையை வில்லில் கேட்டு அழாதவர்கள் யார்? கொலையை மறக்கமாட்டோம் என்று சனங்கள் கட்டிவைத்த பீடங்கள் அவை. அந்த அளவில் அவை நம் ஆவணங்கள்.

ஆனால் அந்த ஆவணத்தை வைத்து என்ன நடக்கிறது? கொடைக்கு வரி எழுதுகிறபோது கொன்றவன் வம்சமும் எழுதுகிறது. கிடாய் கொடுக்கிறது, பட்டு சாத்துகிறது, சாமிகொண்டாடி கையால் திருநீறு வாங்குகிறது. செத்தவன் தெய்வமாகிவிட்டான், பங்கு கொடுத்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது. இனி அந்தக் கொலையைப் பற்றி வழக்கு இல்லை, வில்லுப்பாட்டு மட்டும்தான். உயிரோடு இருந்தபோது களத்துக்குள் விடாதவனைச் செத்தபிறகு பீடத்தில் ஏற்றிக் கும்பிடுவதில் ஆதிக்க சாதிக்கு ஒரு நட்டமும் இல்லை. கோபத்தை வருஷத்துக்கு ஒருநாள் ஆடித் தீர்த்துக்கொள்ள அனுமதிக்கிற ஏற்பாடு அது. மறுநாள் காலையில் சாமி ஆடினவனும் வயலுக்குத்தான் போகிறான், அதே மரக்காலில்தான் கூலி வாங்குகிறான்.

*

சாமியை விட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டுக்கு வருவோம். தெய்வத்தை நம்பாத நம் தோழர்கள் பலர் கோர்ட்டைத் தெய்வம்போல நம்புகிறார்கள். 'நீதி தாமதமாகும், ஆனால் தப்பாது' என்பதும் நின்று கொல்லும் தெய்வத்தின் இன்னொரு பதிப்புதான்.

1968 டிசம்பர் 25. ஏசு பிறந்த நாள் ராத்திரி. கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் குற்றம். 1970-இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களைத் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. காரும் நிலமும் கௌரவமும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லையாம்! சுசீந்திரத்தில் கை வேகவில்லை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே நெய், இங்கே சொத்துப் பத்திரம்.

1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டபோது, "பாத்தீங்களா, தெய்வம் நின்று கொன்னுட்டு" என்று நம் ஊர்ப் பக்கம் வரைக்கும் பேசினார்கள். இதைத்தான் நான் மறுக்கிறேன். கொன்றது தெய்வமல்ல, மனிதர்கள். பன்னிரண்டு வருஷம் நீதி கிடைக்காமல் போனதன் விளைவு அது. அதற்குத் தெய்வத்தின் கையெழுத்தைப் போட்டுக்கொடுத்தால், விடுதலை செய்த தீர்ப்பு தப்பித்துப்போகிறது. குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்கள் தப்பித்துப்போகிறார்கள். ஒருத்தன் தலைக்கு 44 உயிர் என்று கணக்கை நாமே நேர்செய்து கொடுத்தமாதிரி ஆகிறது. வெண்மணிக் கணக்கு தீரவில்லை. தீர்ந்ததென்று சொல்வது யாருக்கு வசதியோ அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

வெண்மணி ஏதோ பழைய கதை என்று நினைக்கவேண்டாம். ஆந்திராவில் சுண்டூர்: 1991-இல் 8 தலித்துகளை வெட்டிச் சாக்கில் கட்டி வாய்க்காலில் போட்டார்கள். 2007-இல் தனிநீதிமன்றம் தண்டித்தது, 2014-இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விட்டது. பீகாரில் லட்சுமண்பூர் பாதே: 1997-இல் 58 பேர் கொலை. 2013-இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுதலை. மேலவளவு: 1997 ஜூன் 30, பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆயுள் தண்டனை உச்சநீதிமன்றம் வரை உறுதியானது. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று சொல்லி 13 பேரை அரசு வெளியே விட்டது. தலைவர்களின் பிறந்தநாளுக்கு நம் பிணங்களைப் பரிசாகக் கொடுக்கிற அரசு இது. மேலவளவு எந்தச் சாமி குறுக்கிட்டு நின்றுபோகும் என்று காத்திருக்கச் சொல்கிறீர்கள்?

*

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பேசிவிட்டுப் பைபிளைப் பேசாமல் போகமுடியாது. இங்கே சாம்பவர், சேரமர் குடும்பங்களில் பாதிக்குப் பாதி சர்ச்சோடு தொடர்புள்ளவை. அடிபட்டவன் வீட்டுக்கு வருகிற போதகர் பெரும்பாலும் எடுக்கிற வசனம் ஒன்றுதான்: பழிவாங்குவது கர்த்தருடைய வேலை, உன் வேலை அல்ல என்று ரோமருக்கு எழுதின நிருபத்தில் வருவது. சரி, பழிவாங்கவேண்டாம். யார் பழிவாங்கக் கேட்டது? நாம் கேட்பது எப்.ஐ.ஆர். காப்பி. வழக்குப் போடுவதும் பழிவாங்குவதும் ஒன்று என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? சபைச் சொத்துக்காக, எலெக்‌ஷனுக்காக, கல்லறைத் தோட்டத்து மதிலுக்காக இரு கட்சியாய் நின்று சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகிறவர்களுக்கு இந்த வசனம் ஞாபகம் வருவதில்லை. சேரிக்காரன் மண்டை உடைந்தால் மட்டும் வருகிறது.

அதே பைபிளில் லூக்கா சுவிசேஷத்தில் ஒரு விதவை இருக்கிறாள். தேவனுக்கும் பயப்படாத, மனுஷனையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவனிடம் அவள் திரும்பத் திரும்பப் போகிறாள். இவள் தொல்லை தாங்கமுடியவில்லை என்றுதான் அவன் நியாயம் செய்கிறான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "ஆகவே இடைவிடாமல் ஜெபியுங்கள்" என்று முடிக்கிறார்கள். அவள் முழங்காலில் நின்றாள் என்று கதையில் இல்லையே! நடந்தாள் என்றுதானே இருக்கிறது? எத்தனை வாய்தாவுக்கு நடந்தாளோ! யாத்திராகமத்திலும் அடிமைகளின் கூக்குரலைக் கேட்ட கடவுள் தாமே இறங்கிப்போய்ப் பார்வோனைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஆள் அனுப்பினார். அனுப்பப்பட்டவன் எனக்கு வாய் திக்கும் என்று சாக்குச் சொன்னதும், விடாமல் அனுப்பினதும் அங்கேயே இருக்கிறது. காயீன் கொன்றபோது ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டது என்கிறார்கள். கூப்பிடுகிற இரத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, "உன் தம்பி எங்கே" என்று கொன்றவனைப் பார்த்துக் கேள்வி கேட்கிறதுதான் அங்கே கடவுளின் முதல் வேலை. நம் சபைகளில் செத்தவன் வீட்டில் ஜெபம் உண்டு. கொன்றவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கப்போன சபை எது?

*

இந்த மாவட்டத்தின் சரித்திரத்தில் காத்திருந்து கிடைத்த நீதி ஒன்றையாவது காட்டட்டும், நான் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

மயிலாடியில் மகாராசன் என்ற சாம்பவர். வேதமாணிக்கம் என்றால் தெரியும். 1799-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகித் திரும்பி வந்தவர். ஊரில் தொல்லை தாங்கமுடியாதபோது, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று குடிசைக்குள் சுருண்டு கிடக்கவில்லை. மிஷனரி வேண்டும் என்று ஆள் கேட்டு நடையாய் நடந்தார். 1806-இல் ரிங்கல்தௌபே வந்தது அந்த நடையால். தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் ஒரு தலித்தின் கால்நடையில் வந்தது என்பதை அதன் இன்றைய மேல்தட்டு மறந்துவிட்டது, நாமும் மறந்துவிட்டோம்.

தோள்சீலைப் போராட்டம்: 1822-இலிருந்து 1859 பிரகடனம் வரை அடி, தீவைப்பு, வழக்கு, மனு. அந்தப் பெண்கள் சந்தையில் சீலை கிழிக்கப்பட்டு மறுநாளும் சீலை போட்டுக்கொண்டு வந்தார்கள். அய்யா வைகுண்டர் கலி அழியும், தர்மயுகம் வரும் என்று சொன்னார்தான். ஆனால் யுகம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. தலைப்பாகை கட்டச் சொன்னார், எல்லாச் சாதியும் தண்ணீர் எடுக்கப் பொதுக்கிணறு வெட்டினார், சேர்ந்து உண்ணச் சொன்னார், அரசனை நீசன் என்று சொல்லித் திருவனந்தபுரம் ஜெயிலுக்குப் போனார். அய்யன்காளி 1893-இல் தடைசெய்யப்பட்ட தெருவில் வில்வண்டியை ஓட்டினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல் முளைக்கும் என்றார். முளைக்கவும் வைத்தார். இவர்கள் எல்லாரும் தெய்வநம்பிக்கை உள்ளவர்கள். ஒருத்தரும் நாத்திகர் அல்ல. ஆனால் இவர்களுடைய தெய்வம் இவர்கள் காலை எழுப்பிவிட்ட தெய்வம், உட்காரவைத்த தெய்வம் அல்ல.

இங்கே நம் பகுத்தறிவுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. என் பாட்டியைப் பார்த்து 'மூடநம்பிக்கை' என்று சிரிக்கவேண்டாம். ஸ்டேஷனில் சேர்க்கமாட்டான், கோர்ட்டுக்குப் பணம் கிடையாது, மறுநாள் அதே களத்தில் வேலைக்கு நிற்கவேண்டும், நாலு பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றவேண்டும். அந்த நிலைமையில், இது அநியாயம், இதைக் கேட்க ஒருத்தர் இருக்கவேண்டும் என்று அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாளே, அதுவே பெரிய காரியம். அடித்தது சரிதான், நம் தலையெழுத்து, போன பிறவிப் பாவம் என்று அவள் சொல்லவில்லை. கர்மவினைத் தத்துவம் நம்மைச் சொல்லவைக்கப் பார்த்தது அதைத்தான். அம்பேத்கர் கர்மக் கோட்பாட்டைக் கிழித்து எறிந்ததும் அதனால்தான். ஏழையின் துன்பத்துக்கு ஏழையையே பொறுப்பாக்கி, அரசையும் சமூகத்தையும் விடுவிக்கிற தந்திரம் அது. பாட்டி அந்தத் தந்திரத்தில் விழவில்லை. அநியாயத்தை அநியாயம் என்றே கடைசிவரை சொன்னாள். அவளுடைய தெய்வம் அவளுடைய புகார் மனு. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் மேலே அனுப்பினாள். தப்பு அவளிடம் இல்லை. படித்து, பஸ் ஏறி, நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு வழி தெரிந்தபிறகும் அந்த மனுவை இன்னும் மேலேயே அனுப்பிக்கொண்டிருக்கிற நம்மிடம்தான் தப்பு.

*

நின்று கொல்லும் என்பதில் எனக்குப் பிடித்த வார்த்தை 'நின்று' என்பது ஒன்றுதான். நிற்கவேண்டியது யார்?

விருத்தாசலத்துப் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் கண்ணகி, முருகேசன் என்ற இணையரை ஊரார் முன்னிலையில் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தது குற்றம். முதலில் போலீஸ் கொலையையே மறைத்தது. முருகேசனின் பெற்றோர் விடவில்லை. வழக்கறிஞர்களும் இயக்கத் தோழர்களும் விடவில்லை. சி.பி.ஐ. விசாரணை வந்தது. சாட்சிகளை மிரட்டினார்கள், விலைபேசினார்கள், வாய்தாவாக இழுத்தார்கள். 18 வருஷம். 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் இரண்டு போலீஸ் அதிகாரிகள் உட்பட 13 பேரைத் தண்டித்தது. உயர்நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மற்றவர்களின் தண்டனையை உறுதிசெய்தது. 22 வருஷம் யார் நின்றது? தெய்வமா? பிள்ளையைப் பறிகொடுத்த அப்பனும் அம்மையும் நின்றார்கள். கோர்ட் வராந்தாவில், கால் கடுக்க. அதைத் தெய்வத்தின் கணக்கில் வரவு வைத்தால் அந்தக் கால்களுக்குச் செய்கிற துரோகம்.

எனவே மாணவர்களே, இயக்கத் தோழர்களே, வேலை இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தானாக நடக்காது. புகாரை எழுத்தில் கொடுத்து எப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். சரியான பிரிவு போட்டிருக்கிறார்களா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையக்கூடாது. கடமையைச் செய்யாத அரசு ஊழியர்மேல் 4-ஆம் பிரிவு இருக்கிறது. 2016-இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவின்படி ஒவ்வொரு விசாரணையும் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், ஜாமீன் மனுவில் அவர் பேச்சைக் கேட்கவேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? சாட்சிக்குப் பஸ் காசு, அன்றைய கூலி, கூடப் போக நாலு பேர். இது இல்லாமல்தான் நம் சாட்சிகள் பிறழ்கிறார்கள், பயத்தால் மட்டுமல்ல. ஒரு ஊருக்கு ஒரு பைல் வையுங்கள். கொடைக்கு வரி எழுதுகிறோம், அசனத்துக்கு அரிசி கொடுக்கிறோம். வழக்குக்கு ஏன் வரி எழுதக்கூடாது?

குமரி மாவட்டத்துக்கென்று தனியாக ஒன்றும் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவனான தலித்தைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் திறக்கச் சொல்லியும் திறக்கவில்லை. 2022-இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2025-இல் ஆந்திர உயர்நீதிமன்றம், மதம் மாறியவர் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கமுடியாது என்றே தீர்ப்புச் சொன்னது. அதாவது, கர்த்தரின் நீதியை நம்பி வந்தவனுக்கு அரசின் நீதி கிடையாது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்தா அடிக்கிறான்? 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று நமக்குச் சொல்கிற ஒவ்வொரு சபையும் முதலில் இந்த ஆணைக்கு எதிராகத் தெருவுக்கு வரட்டும். வருஷத்துக்கு ஒரு கறுப்பு தினம் போதாது. வந்தபிறகு பிரசங்கம் பண்ணட்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறோம்.

கடைசிக் காலத்தில் என் அம்மை வழிப் பாட்டியிடம் கேட்டேன்: "பாட்டி, அந்த ஆளு நல்லாத்தான செத்தாரு. ஒங்க கர்த்தரு என்ன பண்ணினாரு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அன்னைக்கு ஒங்க அப்பன ஸ்டேஷனுக்கு விட்டிருக்கணும் மக்களே. நாந்தான் தடுத்துட்டேன்."

அவள் ஜெபத்தைவிட எனக்கு அந்தப் பதில்தான் பெரிது. அவளே சொன்னபிறகும் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்?